ஒரிஜினலோ மற்றதோ என்று கேட்பவர்களுக்கு

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பதற்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். ஒருவர் வருவார். வீட்டுப் பிரிண்டருக்குக் காட்ரிஜ் வேண்டும் என்பார். என்ன மொடல் என்று கேட்டால், "கறுப்புப் பிரிண்டர்" என்பார். கிளிநொச்சியில் இருக்கிற பிரிண்டர்களில் முக்கால்வாசி கறுப்புத்தான் என்று சொல்ல உங்களுக்கு வாய் உன்னும். சொல்லாதீர்கள். நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கோபம் வருவதுதான் மிச்சம். போனை எடுத்து வீட்டுக்கு அடித்து, மகளிடம் மொடல் இலக்கம் கேட்டு, அதையும் பாதி விட்டுவிட்டுச் சொல்லி, கடைசியில் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்பார்: "ஒரிஜினல் நல்லதோ, மற்றது நல்லதோ?"

மற்றது என்பது, பிரிண்டரைச் செய்த கம்பனி அல்லாமல் வேறொரு கம்பனி தன் பெயரைப் போட்டு, குறைந்த விலைக்கு விற்கிற காட்ரிஜ். அதை டூப்ளிக்கேட் என்று சொல்பவர்கள் உண்டு. நீங்களாவது அப்படிச் சொல்லாதீர்கள். டூப்ளிக்கேட் என்றால் ஒரிஜினலைப் போலவே பெட்டி அடித்து, ஒரிஜினல் என்று சொல்லி ஏமாற்றுகிற சாமான். மற்றது கள்ளச் சாமான் இல்லை. தான் வேறு என்று பெட்டியிலேயே சொல்லிவிட்டு வருகிற சாமான். இந்த வித்தியாசத்தை விளங்கப்படுத்தியே என் தொண்டை கெட்டுப்போனது. இப்போது கழுத்து வலியும் சேர்ந்து, போன வருடம் கடையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறேன். இருந்தாலும் யாராவது தெருவில் மறித்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள்.

உழவு மெசின் நல்லதோ சைக்கிள் நல்லதோ என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? எங்கே போகிறாய், என்னத்துக்குப் போகிறாய் என்றுதானே திருப்பிக் கேட்பீர்கள்? மை விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே சொல்லில் பதில் வேண்டும். வாங்குகிறவர்கள் மட்டுமில்லை, விற்கிறவர்களும் அப்படித்தான். ஒரு கடைக்காரர் ஒரிஜினல் ஒரிஜினல் என்று சத்தியம் பண்ணுவார். பக்கத்துக் கடைக்காரர், ஒரிஜினல் வாங்குகிறவன் மடையன் என்பார். பிரிண்டர் கம்பனிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நல்லாய் ஓடிக்கொண்டிருந்த பிரிண்டரை இன்டர்நெட்டோடு தொடுத்துவிட்டால், அது தானாகவே எதையோ புதுப்பித்துக்கொண்டு, மறுநாள் காலை "இது எங்கள் காட்ரிஜ் இல்லை" என்று திரையில் எழுதிவிட்டு வேலைநிறுத்தம் செய்யும். வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு வந்து என்னோடு சண்டை பிடிப்பார். கொழும்பில் இருக்கிற கம்பனிக்காரனோடு சண்டை பிடிக்க ஏலாது, நான்தான் கையெட்டும் தூரத்தில் இருக்கிறேன்.

இவ்வளவு எரிச்சலையும் எழுதுகிறேன், ஆனால் என் மேல் இருக்கிற எரிச்சல்தான் எல்லாவற்றிலும் பெரிது. அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்கினேன்.

முதலில் சின்னப் பிழை. அக்கராயனில் ஓய்வுபெற்ற கிராம சேவகர் ஒருவர் இருந்தார். ஊர்ச் சங்கத்துக் கடிதங்களை வீட்டில் அடிப்பவர். நாலு மாதத்துக்குள் மூன்று தரம் தன் பிரிண்டரோடு வந்தார். மை பீச்சுகிற பகுதியை நாங்கள் ஹெட் என்போம். மூன்று தரமும் அந்த ஹெட் காய்ந்து கட்டிப்போய் இருந்தது. அவர் போட்டிருந்தது மற்றக் காட்ரிஜ். நான் யோசிக்கவே இல்லை. "மலிவு மை காயும், அதுதான் இப்பிடி" என்று மூன்று தரமும் அதே பாட்டைப் பாடினேன். நாலாம் தரம் அவர் ஒரிஜினல் போட்டார். அதுவும் காய்ந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கே போனேன்.

அங்கே பார்த்தால், மனுசன் ஒரு கடிதம் அடித்தார். தாள் வெளியே விழுந்த கையோடு எழும்பிப் போய், சுவரில் இருந்த பிளக்கைக் கழற்றினார். பிரிண்டரின் சுவிட்சைத் தொடவே இல்லை. வெளியே கண்ணைக் கூசுகிற வெயில்.

"என்னத்துக்கு ஐயா பிளக்கைக் கழட்டுறியள்?"

"மின்னல் அடிக்குமெல்லோ."

"இந்த வெயிலுக்கோ?"

"பழகிப்போச்சு பிள்ளை. ரீவியும் உப்பிடித்தான், வோட்டர் மோட்டரும் உப்பிடித்தான்."

வன்னியில் யாரைக் குறை சொல்வது? வெட்டவெளியில் வீடு. ஒரு மின்னலுக்கு வீட்டில் இருக்கிற எல்லாச் சாமானும் போன கதை ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. ஆனால் பிரிண்டரை அதன் சுவிட்சில் நிறுத்தினால்தான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கினால் நடுவழியில் வாயைத் திறந்தபடி நிற்கும். எந்த மையும் காயும், ஒரிஜினலும் காயும். முதலில் சுவிட்ச், ஹெட் ஓய்ந்த பிறகு பிளக் என்று சொல்லிக் கொடுத்தேன். பிறகு அவர் வரவே இல்லை. நான் பாடிய பாட்டு மூன்று தரமும் பிழை.

அந்தப் பிழையில் இருந்து நான் என்ன படித்தேன்? ஒன்றும் படிக்கவில்லை. பிளக் கதையைச் சொல்லிச் சிரிக்கப் படித்தேன், அவ்வளவுதான். இல்லாவிட்டால் லெட்சுமிக்கு அது நடந்திருக்காது.

லெட்சுமி ஜெயபுரத்தில் விளாம்பழ ஜூஸ் செய்து சின்னப் போத்தில்களில் அடைத்து விற்பவர். நாற்பது வயது இருக்கும். முதலில் ஐஸ் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் விற்றார். பிறகு கண்டி வீதியில் உள்ள பெரிய பலசரக்குக் கடை ஒன்றில், முதலாளி தன் கண்ணாடி பிரிட்ஜில் ஒரு தட்டை அவருக்குக் கொடுக்கச் சம்மதித்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நாற்பது போத்தில். ஆனால் ஒரு நிபந்தனை. போத்திலில் பெயரும், செய்த திகதியும், முடிகிற திகதியும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். திகதி தெரியாத போத்திலைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கண்டால் முதலாளிக்குத்தான் வழக்கு. அது நியாயமான பேச்சு.

லெட்சுமியின் மகள் போனிலேயே லேபல் ஒன்றைக் கீறினாள். ஒரு விளாம்பழப் படம், அம்மாவின் பெயர், இரண்டு திகதிகள். பளபளப்பான ஸ்டிக்கர் தாளில் வீட்டுப் பிரிண்டரில் அடித்து ஒட்டினார்கள். முதல் சனிக்கிழமை பிரிட்ஜுக்குள் போத்தில் வேர்த்தது. லேபல் கரைந்தது. மத்தியானத்துக்குள் திகதி எல்லாம் கலங்கிப்போய், முதலாளி நாற்பதையும் திருப்பி அனுப்பினார். வாற சனி ஒருதரம் பார்க்கிறேன், அதுவும் இப்படி என்றால் தட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்றார்.

வியாழக்கிழமை லெட்சுமி என்னிடம் வந்தார்.

"அக்கா, லேபல் தண்ணியில ஓடுது. நான் போட்டது மற்றக் காட்ரிஜ். ஒரிஜினல் போட்டால் நிக்குமோ?"

"நிக்கும்" என்றேன்.

பிள்ளைகளே, அந்த ஒரு சொல்லை நான் எவ்வளவு கெதியாகச் சொன்னேன் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது. அவர் பையைத் திறந்து கலங்கிய லேபல் ஒன்றை எடுக்கப் போனார். "அதெல்லாம் தேவையில்லை, எனக்குத் தெரியும். மலிவு மையின்ர வேலை உது" என்று கையைக் காட்டி நிறுத்தினேன். அதோடு விட்டேனா? ஒரு பிரசங்கமே செய்தேன். காசைப் பார்த்தால் சாமான் அப்படித்தான் இருக்கும் என்றேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கறுப்பும் மூன்று கலரும், நாலு ஒரிஜினல் காட்ரிஜ் வாங்கினார். அந்தக் கிழமை விளாம்பழம் வாங்க வைத்திருந்த காசு அது என்று பிறகுதான் தெரிந்தது. பழத்தைக் கடனுக்கு வாங்கியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கடைக்குள் கூட்டம். லெட்சுமி ஒரு தோளில் யூரியா பைக்குள் பிரிண்டரும், கையில் ஜூஸ் பெட்டியுமாக உள்ளே வந்தார். மேசையில் ஈரப் போத்தில்கள் ஐந்தாறை வரிசையாக வைத்தார். லேபல் எல்லாம் அழுத கண்ணின் மை போல வழிந்திருந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"அக்கா, நீங்கள் தந்தது ஒரிஜினல்தானே?"

"என்ன கதை கதைக்கிறீர்? பெட்டியை உமக்கு முன்னாலதானே உடைச்சுத் தந்தனான்."

"அப்ப ஏன் ஓடினது?"

"ஈரக் கையால தொட்டிருப்பீர்."

"நாப்பது போத்திலையுமோ அக்கா?"

அவர் சத்தம் போடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். என் பக்கம் பிழை என்று ஒரு நிமிடம் கூட எனக்குத் தோன்றவில்லை. லெட்சுமியில் பிழை இல்லை என்றால் கொழும்பில் பிழை என்று முடிவெடுத்தேன். எனக்கு டூப்ளிக்கேட்டைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, சாமான் அனுப்புகிற ஏஜென்டுக்குப் போன் அடித்தேன். அவர் பொறுக்கச் சொல்லி, போனில் பாட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். பாட்டு முடிந்து வேறு ஒருவர் வந்தார். பெட்டியில் இருக்கிற மினுக்கு ஸ்டிக்கரின் இலக்கத்தைக் கேட்டார். வாசித்தேன். திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "எங்கட சாமான்தான் மெடம், நூறு வீதம் ஒரிஜினல்" என்றார். அப்படி என்றால் ஏன் ஓடுது என்று கேட்டேன். அது உங்கள் வாடிக்கையாளரிடம் கேட்கவேண்டும் என்றார். நான் வியாழக்கிழமை பாடிய பாட்டை அவர் எனக்குப் பாடினார்.

நான் போனை எடுப்பதற்கு முன்பே லெட்சுமி பிரிண்டரைப் பையில் இருந்து எடுத்து மேசையில் வைத்திருந்தார். கடையில் அதைச் சோதிக்க, நான் வழமை போல வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் அடித்திருந்தேன். நான் போனில் கத்திக்கொண்டிருக்க, அவர் போத்தில் ஈரத்தில் விரலைத் தொட்டு அந்தத் தாளில் இருந்த கறுப்பு எழுத்தைத் தேய்த்தார். பிறகு தன்னுடைய லேபலைத் தேய்த்தார். திரும்பவும் தாள். திரும்பவும் லேபல்.

"அக்கா, இஞ்ச ஒருக்காப் பாருங்கோ."

"பொறும், போனில கதைக்கிறன்."

"நீங்கள் கதையுங்கோ. ஆனா உங்கட தாளில எழுத்து நிக்குது. என்ர தாளில ஓடுது. பிரிண்டர் ஒண்டு, மையும் ஒண்டு."

நான் போனை வைத்தேன்.

விஷயம் இதுதான். பளபளப்பான தாள் என்பதால், மகள் பிரிண்டருக்கு "போட்டோத் தாள்" என்று சொல்லியிருக்கிறாள். படம் மினுங்கவேண்டும் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள், அது பிழையில்லை. ஆனால் போட்டோத் தாள் என்று சொன்னால் இந்தப் பிரிண்டர் கறுப்புக் காட்ரிஜைத் தொடாது. மூன்று கலரையும் கலந்து ஒரு கறுப்பைத் தானே செய்து அடிக்கும். கறுப்புக் காட்ரிஜில் இருப்பது தண்ணீருக்கு அசையாத மை. கலர்க் காட்ரிஜில் இருப்பது தண்ணீரில் கரைகிற மை. ஒரிஜினல் கலரும் கரையும், மற்றக் கலரும் கரையும். இது எனக்குத் தெரியாத விஷயமா? கலியாணப் படம் அடிக்கிறவர்களுக்கு எத்தனை தரம் நானே சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை அந்தக் கலங்கிய லேபலை ஒரு நொடி கையில் வாங்கியிருந்தால், தாள் மினுங்குவதைக் கண்டிருப்பேன். கண்டிருந்தால் கேட்டிருப்பேன்.

லெட்சுமி இன்னொன்று கேட்டார். "அப்ப அக்கா, என்ர பழைய கறுப்பும் வெள்ளைத் தாளில நிண்டிருக்குமோ?"

நான் சொல்லிக் கழற்றிய அந்த மற்றக் காட்ரிஜை அவர் எறியவில்லை. ரேப் ஒட்டி, பொலித்தீனில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தார். போட்டுப் பார்ப்போம் என்றார். அந்த நேரம் நான் என்ன விரும்பினேன் தெரியுமா? அது ஓடவேண்டும் என்று விரும்பினேன். அது மட்டும் ஓடினால் நான் சொன்னதில் அரைவாசியாவது சரியாகும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் விரும்பினேன்.

போட்டோம். அடித்தோம். ஈர விரலால் நானே தேய்த்தேன், பலமாகவே தேய்த்தேன். எழுத்து அசையவில்லை. எல்லா மற்றக் காட்ரிஜும் அப்படி நிற்காது, ஓடுகிறவையும் உண்டு. அவர் வாங்கியிருந்தது நிற்கிற வகை. அவர் என்னிடம் வந்திருக்கவே தேவையில்லை. வெள்ளைத் தாளைப் போட்டு, பிரிண்டரிலும் தாளின் வகையை மாற்றியிருந்தால் போதும்.

"சரி அக்கா" என்றார் லெட்சுமி. "இப்ப என்ன செய்வம்? முதலாளி காலமையும் திருப்பி அனுப்பிப்போட்டார். ரண்டு மணிக்கு வேற ஆள் தயிரோட வருதாம். தட்டை அவருக்குக் குடுத்திடுவாராம். இந்த ஜூஸும் வெளியில கிடந்தால் பழுதாப்போம்."

லேசர் பிரிண்டரில் அடித்துக் கொடுத்திருக்கலாமே என்று உங்களில் கெட்டிக்காரர் ஒருவர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. நானும் சொன்னேன். "அப்ப வாற சனி? லேபல் அடிக்க ஜெயபுரத்தில இருந்து பஸ் ஏறி வரட்டோ? திகதி ஒவ்வொரு முறையும் மாறுமெல்லோ" என்றார். அவர் சொன்னதுதான் சரி. அவருடைய வீட்டில், அவருடைய பிரிண்டரில் நிற்கிற வழி வேண்டும். மினுங்குகிற ஸ்டிக்கர் தாளில் கறுப்பு மை பிடிக்காது என்பதால், சாதாரண வெள்ளைத் தாளில் நாற்பது லேபலும் அடித்தோம். விளாம்பழப் படத்தையும் கறுப்பிலேயே அடித்தோம். வெட்டினோம். பழைய லேபலைக் கிழித்துவிட்டுப் பசை பூசி ஒட்டினோம். கூட்டத்தில் நின்றவர்களிடம் பின்னேரம் வாருங்கள் என்று சொல்லிக் கடையைச் சாத்திவிட்டு நானும் அவரோடு போனேன்.

போகாமல் விட்டிருக்கலாம். போனில் முதலாளிக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் லெட்சுமி மூன்றாம் தரம் தனியாகப் போய் நின்றால் அவர் காது கொடுக்கமாட்டார். இந்த ஒரு முடிவு மட்டும் அன்றைக்கு நான் சரியாக எடுத்த முடிவு.

முதலாளி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அண்ணை, பிழை இவாவில இல்லை. என்னில" என்றேன். "என்னட்டைக் கேட்டுத்தான் செய்தவா. நான் பாக்காமல் சொல்லிப்போட்டன். இப்ப மாத்தி அடிச்சிருக்கு, ஓடாது."

ஒரு கடைக்காரி இன்னொரு கடைக்காரருக்கு முன்னால், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க இதைச் சொல்வது லேசான வேலை இல்லை. அவர் அதற்காக ஒன்றும் இரங்கவும் இல்லை.

"வாயால எல்லாரும் சொல்லீனம்" என்றார். "போன கிழமை அவா சொன்னா. காலமையும் சொன்னா. இப்ப நீங்கள் சொல்றியள். வாளி சொல்லட்டும்."

ஒரு வாளியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் போட்டு, ஒரு போத்திலை உள்ளே அமுக்கினார். ஒரு மணித்தியாலம் பார்ப்போம் என்றார். நானும் லெட்சுமியும் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றோம். அவர் பெட்டியில் இருந்த போத்தில்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவை சூடாகிக்கொண்டிருந்தன. எனக்கு வாளியைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அரை மணி நேரம் கூடப் போகவில்லை, லேபல் மேலே மிதந்து வந்தது.

பசை கரைந்துவிட்டது. எழுத்து ஒன்றும் கரையவில்லை. முதலாளி அந்தத் தாளை உள்ளங்கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, சத்தமாக வாசித்தார். பெயரை வாசித்தார். செய்த திகதியை வாசித்தார். முடிகிற திகதியையும் வாசித்தார்.

"எழுத்து அருமையா நிக்குது தங்கச்சி" என்றார் என்னிடம். "எந்தப் போத்திலின்ர எண்டதுதான் தெரியேல்லை."

சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கவலையில் வந்த அழுகை இல்லை, ஆத்திரத்தில் வந்தது. மையைப் பற்றி அவ்வளவு தெரிந்த நான் பசையைப் பற்றி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. வியாழக்கிழமை ஒரு பிழை, சனிக்கிழமை ஒரு பிழை, இரண்டுக்கும் நட்டம் லெட்சுமிக்கு.

லெட்சுமி சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. முதலாளியின் கையில் இருந்து லேபலை வாங்கினார். காசு மேசையில் ரப்பர் பாண்ட் போட்டு வைத்திருக்கிற டப்பாவில் இருந்து இரண்டை எடுத்தார். லேபலைப் போத்திலின் கழுத்தைச் சுற்றி வளைத்து, மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக ரப்பர் பாண்டைப் போட்டு, தானே வாளிக்குள் அமுக்கினார்.

"இப்ப பாருங்கோ அண்ணை."

பார்த்தோம். தாள் நனைந்தது, சுருங்கியது, ஆனால் கழுத்தைவிட்டு அசையவில்லை. திகதி தெரிந்தது. இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் முதலாளி வாளிக்குள் கையை விட்டுப் போத்திலை எடுத்து, ஒருதரம் உதறி, பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு பிரிட்ஜ் கதவைத் திறந்துவிட்டார். "அடுக்குங்கோ" என்றார். தயிர்க்காரர் வந்தபோது கீழ்த்தட்டில் இடம் பார்த்துக் கொடுத்தார்.

அடுக்குவதற்கு முன் லெட்சுமி ஒவ்வொரு போத்திலையும் மூடி திறந்து மணந்து பார்த்தார். பன்னிரண்டை ஒதுக்கி வைத்தார். நல்லாய்த்தானே இருக்கு என்று முதலாளி சொன்னார். "புளிக்கத் தொடங்கீட்டுது அண்ணை. இது குடுக்கேலாது" என்று சொல்லி, கடைக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாய்க்காலில் ஊற்றினார். நான் மிச்சப் போத்தில்களின் லேபல்களுக்கு ரப்பர் பாண்ட் போட்டுக்கொண்டிருந்தேன். ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலு காட்ரிஜின் காசையும் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். வாங்கியதுதான் சரி. அன்றிலிருந்து அவரை நான் நீர் என்று கதைத்ததில்லை, நீங்கள்தான்.

இதில் இருந்து மற்றது நல்லது, ஒரிஜினல் கூடாது என்று ஒருவரும் எடுத்துக்கொண்டு போகவேண்டாம். அப்படி எடுத்துக்கொண்டு போகிறவர்கள் இருப்பார்கள், அவர்களை நினைக்கவே களைக்கிறது. சுவரில் மாட்டப்போகிற படத்துக்கு ஒரிஜினல் கலர் போடச் சொல்லுங்கள், வெயில் படுகிற சுவரில் மற்றக் கலர் கெதியாய் மங்குவதைக் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளையின் குறிப்புக்கு மற்றது தாராளம். மாதத்தில் ஒரு தாள் அடிக்கிற வீட்டுக்கு எதைக் கொடுத்தாலும் காயும், கிழமைக்கு ஒரு பக்கமாவது அடிக்கச் சொல்லுங்கள். மற்றதில் ஒழுகுகிறதும் உண்டு, ஒரு பெட்டியில் ஒன்றாவது அப்படி வரும், திருப்பி எடுக்கிற ஆளிடம் மட்டும் வாங்குங்கள். இவ்வளவும் ஒரு கிழமையில் நீங்களே படித்துவிடுவீர்கள். படித்த பிறகுதான் ஆபத்து. தெரிந்தவருக்குத்தான் பார்க்காமல் பதில் சொல்ல வாய் வரும்.

லெட்சுமிக்கு இன்னும் அந்தத் தட்டு இருக்கிறது. நான் கடையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வந்தார். கையில் புதுவிதமான போத்தில் ஒன்று, கழுத்துக் கட்டையாக, ரப்பர் பாண்ட் நிற்காத மாதிரி.

"அக்கா, இனி இந்தப் போத்தில்தான் வருமாம். லேபலுக்கு இந்த முறை ஒரிஜினலோ, மற்றதோ?"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

"தெரியாது லெட்சுமி" என்றேன். "தாளையும் போத்திலையும் மேசையில வையுங்கோ. நனைச்சுப் பாப்பம்."

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "இதை அண்டைக்கே சொல்லியிருந்தால் எனக்குப் பன்னிரண்டு போத்தில் மிஞ்சியிருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீரை எடுத்துவர உள்ளே போனேன்.